இன்னாசி சோறு விட்ட தவக்காலம்

ராயபுரம் கிரேன் இன்னாசி நாற்பது நாள் ஒரு பருக்கை சோறு தின்னாமல் இருந்தான்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ஒருவரும் இல்லை. கல்மண்டபத்து ஜட்கா வண்டிக் குதிரைகூடப் பல்லைக் காட்டியதாகச் சொல்வார்கள். இன்னாசி கடல்மேல் நடந்தான் என்று சொல்லியிருந்தால் பாதித் தெரு நம்பியிருக்கும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, அவனும் வேதக்காரன், ஏதோ நடந்திருக்கும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் சோறு? அவன் சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பு விட்டால், காசிமேட்டுக் கட்டுமரம் ஒன்று புயலுக்கு வந்து அதில் ஒதுங்கலாம். ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று அவன் கேட்கிற சத்தத்துக்குச் செங்குன்றம் மண்டியில் அரிசி விலை ஏறும். கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை கடைசிப் பந்தியோடுதான் எழுந்தான் என்று அவனுடைய சொந்த அக்காவே சொல்லுவாள்.

அது ரேஷனில் அரிசியை அளந்து போட்டு, மிச்ச வயிற்றுக்குக் கோதுமையைக் காட்டிய வருஷம். துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்தக் கப்பல்களின் வயிற்றிலிருந்து மூட்டைக் கட்டுகளைத் தூக்கிக் கரையில் வைப்பது இன்னாசியின் வேலை. இரும்பு ஏணியில் ஏறி, மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேனை ஓட்ட வேண்டும். ஏணி அறுபது அடி. இன்னாசி சொன்னால் நூறடி. இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு சொன்னால் சாந்தோம் கோயில் கோபுரம் அவன் முழங்காலுக்குக் கீழே.

அவன் மனைவி வியாகுலம்மாள் பெயருக்கு ஏற்ற மனுஷி. மேகம் கூடினால் வெள்ளம் வருமே என்று கவலைப்படுவாள், கூடாவிட்டால் குழாயில் தண்ணீர் நிற்குமே என்று கவலைப்படுவாள். ஆனால் துறைமுகத்தைப் பற்றி அவள் படும் கவலையை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. அவளுடைய அப்பா அதே துறைமுகத்தில், கட்டு அவிழ்ந்து விழுந்த சரக்குக்கு அடியில் போனவர். தினமும் சங்கு ஊதினால் எல்லார் வீட்டிலும் உலை வைப்பார்கள். வியாகுலம்மாள் மட்டும் வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் துறைமுக டாக்டர் இன்னாசியின் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம். இன்னாசியுடையது பச்சை, மஞ்சள் எதிலும் நிற்காமல் நேரே செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது. அதை வைத்து ஒரு சுவர் எழுப்பியிருக்கலாம்.

“கீழ நாப்பது பேர் நிக்கிறான்ப்பா” என்றார் டாக்டர். “மேல உனக்குக் கண்ணு இருண்டுச்சுன்னா அவங்க கதி என்ன? நாப்பது நாள் தரேன். இந்த மாத்திரையைப் போடு. சோத்த நிறுத்து. சர்க்கரை இறங்கணும், இல்லாட்டி நீ இறங்கணும்.”

இறங்குவது என்றால் குடோனில் சிந்திய கோதுமையைக் கூட்டிப் பெருக்குவது. பதினெட்டு வருஷம் வானத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனுக்கு அது பாதி சாவு. வியாகுலம்மாளுக்கு வேறு பயம். அவன் இறங்கினால் அவன் மனசு ஒடிந்துவிடும். இறங்காமல் ஒருநாள் மயங்கினால், கீழே யாரோ ஒரு பெண்ணின் அப்பா நிற்பார்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் இன்னாசி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். வியாகுலம்மாள் அப்போதுதான் கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். தவக்காலம் பிறப்பதற்கு முன்னால் ஏறும் சட்டி, ஈஸ்டர் அன்று பூசை முடிந்துதான் இறங்கும்.

“அத்த எறக்கு” என்றான் இன்னாசி. “நாளைலேந்து எனக்கு சோறு வேணாம்.”

வியாகுலம்மாள் ஸ்டூலிலிருந்து இறங்கி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காச்சலா கீதாய்யா?”

“காச்சலும் இல்ல, கோச்சலும் இல்ல. நார்வேக்காரன் கப்பல்ல ஒரு எஞ்சினியரு. அறுவது வயசு. அவனுக்கும் சக்கரதான். ஆளப் பாத்தா தேக்குமரத்த நிக்க வெச்சா மாரி கீறான். எப்பிடிடா நைனா இப்டி கீறேன்னு கேட்டேன். நம்ம ரஷீதுதான் இங்கிலீசுல கேட்டுச் சொன்னான். ஆதிகாலத்து மனுசன் இன்னா துன்னானோ அத்தத்தான் அவன் துன்றானாம். நெல்லு, கோதும எதுவும் பயிர் வெக்காத காலம். அப்ப ஒருத்தனுக்கும் சக்கரயே கடியாதாம்.”

“அப்ப இன்னாதான் துன்னானாம்?”

“கறி.”

“வெறும் கறியா?”

“வேட்டயாடுவான், துன்னுவான், குந்திக்குவான். அவ்ளோதான்.”

பக்கத்து வீட்டுச் சுவர் தோள் உயரம்தான். அதற்கு மேலே சிலுவையம்மாளின் தலை தெரிந்தது. சிலுவையம்மாள் இன்னாசியின் அக்கா, விதவை, தனிக்கட்டை. புனித தோமையார்கூட விலாவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார். சிலுவையம்மாளாக இருந்திருந்தால் விரலைக் கழுவிவிட்டு மறுபடி விட்டுப் பார்த்திருப்பாள். பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்றால் நம்பமாட்டாள். கலந்தேன் என்றாலும் நம்பமாட்டாள்.

“ஆதி மனுசன்னா ஆதாமுதானடா? ஆதாமு எந்த பாய் கடையில கறி வாங்குனான்?”

“இது ஆதாமுக்கும் முன்னாலக்கா.”

“ஆதாமுக்கு முன்னால ஆருடா? ரஷீதா?”

“ஒனுக்கு சொன்னா புரியாது. நாப்பது நாளு. ஒரு பருக்க துன்ன மாட்டேன். பாத்துக்கினே இரு.”

“நீ? நாப்பது நாளு? நாப்பது நிமிசம் இருடா, நா மொட்ட போட்டுக்கினு வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன்.” சிலுவையம்மாள் சுவருக்குப் பின்னால் மறைந்தாள். மறுபடி தலை வந்தது. “கேண்டீன்ல துன்னுட்டு வந்து இங்க நாடகம் ஆடப் போறான். வியாகுலம், நீ நம்பாத.”

வியாகுலம்மாள் கறிச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். அவளுக்கு நினைவு தெரிந்து தவக்காலத்தில் அந்தச் சட்டி இறங்கியது அதுதான் முதல் தடவை. நாற்பது வருஷம் நரகம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு அப்பாவின் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. நரகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரஷீது துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணி டாலிக் கணக்கு எழுதுபவன். இன்னாசிக்குப் பத்து வருஷத் தோஸ்து. அவன் அண்ணனுக்கு வண்ணாரப்பேட்டையில் கறிக்கடை. தினமும் விடிந்தால் வாழை இலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, பொட்டலத்தைத் திருட்டுச் சரக்கு போலக் கொண்டுவந்து கொடுப்பான். காலையில் ஈரல், பகலுக்குத் தொடைக்கறி, இருட்டினால் மூளை, நடுநடுவே எலும்பு ரசம். பத்து நாளில் வண்ணாரப்பேட்டை ஆடுகள் இன்னாசி வருவதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடந்தன.

வெள்ளிக்கிழமைதான் பெரிய பாடு. தெரு முழுக்கக் கஞ்சியும் துவையலுமாக இருக்கிறது. இன்னாசி வீட்டிலிருந்து மட்டும் மிளகு போட்ட ஈரல் வாசனை தெருவில் இறங்கி, சிலுவைப்பாதைக்குப் போகிறவர்களுடன் கோயில்வரை நடக்கிறது. வியாகுலம்மாள் சன்னலைச் சாத்தினாள். சன்னல் இடுக்கில் பழந்துணியை அடைத்தாள். சாம்பிராணியைக் கொளுத்தினாள். ஈரலும் சாம்பிராணியும் சேர்ந்து, பெரிய கோயிலில் யாரோ ஆட்டை வறுப்பது போல ஒரு மணம் கிளம்பிற்று.

“மெய்யாலுமே ஆதி மனுசன்னா பச்சயா துன்னணும்” என்றது சுவர்மேல் இருந்த தலை. “அவனுக்கு ஏதுடா பம்ப் ஸ்டவ்வு?”

இன்னாசிக்கு அதுவும் சரியாகப் பட்டது. மறுநாள் ஈரலை அரைவேக்காட்டில் இறக்கச் சொல்லித் தின்றான். அன்றைக்கெல்லாம் கிரேனில் ஏறினதைவிடக் கக்கூசுக்கு நடந்ததுதான் அதிகம். அதற்கு அடுத்து வந்த ஆறு நாள் கக்கூஸ் பக்கமே போகவில்லை. ஆதி மனுசனும் இப்படித்தான் இருந்திருப்பான், அதனால்தான் குகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான் என்று சமாதானம் சொன்னான்.

வியாகுலம்மாளுக்கு டாக்டரின் நீல மருந்து கிடையாது. அவளுக்கு எறும்புகள் இருந்தன. கொல்லைச் சுவரோரம் அவன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால், கால் மணி கழித்துக் கையில் விளக்குமாற்றுடன் போய்க் குந்துவாள். சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். அந்த மாசியில் வந்த எறும்பு கொஞ்சநஞ்சம் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு வருவதுபோல எண்ணூரிலிருந்தும் காலடிப்பேட்டையிலிருந்தும் குடும்பத்துடன் வந்து இறங்கின. கறி ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டம் பாதியாயிற்று. அது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாயில் ஒரு நாற்றம் வந்தது, அழுகிய பழமும் வார்னிஷும் கலந்த மாதிரி. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ஏணியில் ஏறும்போது நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறான் என்று ரஷீது வாய்தவறிச் சொன்னான். எறும்பை நம்புவதா, காலை நம்புவதா?

அவள் சாமியாரிடம் போனாள்.

“கறி துன்றாரு சாமி, தவசு காலத்துல. ஒடம்புக்கு மருந்துன்னு சொல்றாரு.”

“நோயாளிக்கு ஒறுத்தல் விலக்கு உண்டும்மா” என்றார் வயதான சாமியார். “ஆனா கறி மட்டுமே சாப்பிடணும்னு சொன்னது யாரு?”

“கப்பல்காரரு.”

“நீ கேட்டியா?”

“அவரு கேட்டாரு.”

“அவன் எதை விரும்பிக் கேட்டான்னு யாருக்குத் தெரியும்? பைபிள்ல முழுசா இருக்கறதையே பாதிப் பேர் அவங்கவங்களுக்குப் பிடிச்ச வரையிலதான் படிக்கிறாங்க. போய் முழுசாக் கேளு.”

கேட்பதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

பகல் பதினொரு மணி. சங்கு ஊதும் நேரம் இல்லை. கை ரிக்‌ஷா ஒன்று தெருவில் திரும்பியது. அதில் இன்னாசி சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் நடந்து வந்த ரஷீதின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வியாகுலம்மாளுக்கு ஒரு கணம் ரிக்‌ஷாவில் வருவது அப்பா போல இருந்தது. இன்னாசி தலையைத் தூக்கி, “ஒண்ணும் இல்லமே” என்று சொன்ன பிறகுதான் அவளுக்குக் கண் தெரிந்தது.

அவனைப் படுக்க வைத்து, மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். டிஸ்பென்சரியில் பார்த்தாகிவிட்டது, இரண்டு நாள் ஓய்வு என்று ரஷீது சொல்லிவிட்டு நழுவப் பார்த்தான். வாசலை மறித்து நின்றாள்.

“இன்னா ஆச்சு பாய்? மறைக்காத சொல்லு.”

“இன்னா ஆவும்க்கா? பன்னெண்டு மூட்டைக் கட்ட தூக்கினு வந்தாரு. பாதி வயில நிறுத்திட்டாரு. கட்டு அந்தரத்துல ஆடுது. கீய ஆளுங்க நிக்கிறாங்க. நா மேல பாத்து கூவுறேன், பதிலே இல்ல. அப்பால மெதுவா, கோயி முட்டய வெக்கிறா மாரி கீய வெச்சாரு. வெச்சிட்டு கூண்டுலயே சாஞ்சிட்டாரு. கண்ணு இருட்டிச்சாம். இருட்டுலயே எறக்கிகீறாரு மனுசன்.”

“கீய எத்தினி பேரு?”

ரஷீது கையிலிருந்த டாலிச் சீட்டைச் சுருட்டினான்.

“அந்த நார்வேக்காரன் இன்னா சொன்னான்? நீதான கேட்ட? வெறும் கறின்னுதான் சொன்னானா?”

“கறின்னு சொன்னான்க்கா.”

“அல்லா மேல சொல்லு.”

ரஷீது தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான்.

“கறியும்னு சொன்னான்.”

“‘யும்’னா?”

“அவன் தட்டக் காட்டுனான்க்கா. கறி இத்துனூண்டு, என் உள்ளங்கை இருக்கும். அதுக்குப் பக்கத்துல மீனு. மிச்சத் தட்டு பூரா முட்டகோசு, முள்ளங்கி, கீர, இன்னாவோ கொட்டைங்க. மாமு கண்ணு கறி மேல குந்திச்சி, எய்ந்திரிக்கவே இல்ல. கறியா கறியான்னு கேட்டாரு. அவனும் ஆமா கறின்னு தலைய ஆட்டுனான். அப்பால அவன் சொல்லிகினேதான் இருந்தான். அந்தக் காலத்து மனுசனுக்கு தெனம் வேட்ட கெடைக்காது, நாலு நாளிக்கு ஒருக்கா கெடைக்கும். மத்த நாளு பொம்பளைங்க தோண்டியாந்த கெயங்கு, கீர, காயிதான். அதுக்கும் பத்து மைலு நடக்கணும். அவவன் கீற எடத்துல இன்னா கெடைக்குதோ அதத்தான் துன்னான். மாத்திரைய மட்டும் உடாதன்னான். அதுக்குள்ள சங்கு ஊதிட்டான். மாமு ஏணியில ஏறிட்டாரு.”

“அப்பால நீ சொல்ல வேணாமா?”

“சொல்லலாம்னுதான் மறுநாளு வந்தேன். அண்ணங் கடையில அர கிலோ ஈரல் சொல்லி வைடான்னு நிக்கிறாரு. மொகத்தப் பாத்தேன்க்கா. நிக்காஹ் மாப்பிள மாரி இருந்திச்சி. எப்பிடிச் சொல்றது? மார்க்கப்படி நோன்புன்னாகூட மாலயில ஒரு வாயி கஞ்சி உண்டு. சோத்த உட்ட மனுசனுக்கு கறியும் இல்லன்னா பேஜாரா பூடும்னு உட்டேன்.”

“நல்ல தோஸ்து” என்றாள் வியாகுலம்மாள். “எங்கூட்டு ஆளக் கொல்லப் பாத்தியே.”

ரஷீது தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு சாயந்திரம் மனைவி காத்தூன் பீவியிடம் சொல்லி, தன் வீட்டு முருங்கையில் இருந்த கீரையை எல்லாம் ஒடித்துக் கொண்டுவந்து போட்டான். மரம் மொட்டையாகி வெட்கப்பட்டு நின்றது.

வியாகுலம்மாள் கறிச்சட்டியைத் தேய்த்துப் பரணில் ஏற்றினாள்.

“இன்னாமே பண்றே?” என்றான் படுத்திருந்த இன்னாசி.

“கீற எடத்துல கெடைக்கிறததான் துன்னணுமாம். இங்க இன்னா கீது? கடலு கீது.”

“அப்ப ஈரலு?”

“அது வேட்ட கெடைக்கிற அன்னிக்கு. நீ வேட்டைக்குப் போனியா? கூண்டுல குந்திகினு இருந்த.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுநாளிலிருந்து விடிந்தும் விடியாமலும் அவள் காசிமேட்டுக்குப் போனாள். படகு கரை தொடும் முன்னே தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்று கூடையை நீட்டினாள். கவளை, காரப்பொடி, நண்டு, ஒருநாள் பால்சுறா. சுறாவை அவித்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டுக் கிண்டிய புட்டு, கூடவே ஒரு சட்டி முருங்கைக்கீரை, தேங்காய்ப்பூ போட்ட கோசு. புளியில் கிடந்த கத்தரிக்காயும் மீனும் தட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்க, நடுவில் சோறு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இன்னாசி முதல் நாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறந்துபோனவர் உட்கார்ந்த நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு தின்றான்.

தவக்காலத்துக்கு மீன் ஆகாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. நரகக் கணக்கு பத்துப் பன்னிரண்டு வருஷத்தோடு நின்றது என்று வியாகுலம்மாள் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

நடக்கவும் வைத்தாள். துறைமுகத்துக்குப் பஸ்ஸில் போனவன் நடந்து போனான், நடந்து வந்தான். வந்தவனைத் திரும்பக் கடற்கரை வழியாகத் திருவொற்றியூர்வரை ஓட்டினாள். அவன் நடந்த நடையில் மணல் தேய்ந்து கடல் இரண்டடி உள்ளே வந்ததாகக் காசிமேட்டில் சொல்லுவார்கள்.

கால் பிடிப்பு நின்றது. வாய் நாற்றம் குறைந்தது. கக்கூஸ் விஷயம் முருங்கைக்கீரையால் தீர்ந்தது. ஆனால் வியாகுலம்மாளின் பயம் தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. அவன் இளைத்தான். கன்னம் ஒட்டிற்று. வேட்டி இடுப்பில் நிற்காமல் கிரேன் கயிற்றால் கட்டிக்கொண்டான். தெருவில் சிலர் காசநோய் என்றார்கள். ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். எறும்பு ஒருநாள் இருபது வந்தது, மறுநாள் ஏழு, அதற்கு மறுநாள் நாற்பது. நாற்பது வந்த அன்று அவள் அடுப்பே மூட்டவில்லை. அவன் யாருக்கும் தெரியாமல் சோறு தின்றுவிட்டான் என்று தோன்றிவிட்டது. வந்தவுடன் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கனா துன்னியாய்யா?”

“இல்லமே.”

“ஒரு வாயி?”

“இல்ல.”

“எறும்பு வந்துச்சே.”

“எறும்புக்கு இன்னா வேல? எல்லா வூட்டுக்கும்தான் போவும்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. மூக்கைத் தெருப் பக்கம் திருப்பி, “எதிர் வூட்ல சோறு வடிக்கிறாங்க பாரு” என்றான். “கஞ்சி வாசன வருது. நா மேல கூண்டுல குந்தியிருந்தா ராயபுரம் பூரா வடிக்கிறது மூக்குக்குத் தெரியுது. எந்த வூட்ல கொயஞ்சிது, எந்த வூட்ல அடி புடிச்சிதுன்னுகூட சொல்லுவேன்.” அவன் கண் கலங்கியிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

சுவர்மேல் தலை இருந்தது. அன்றைக்கு ஏனோ அது ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாளெல்லாம் சொல்லிற்று. இன்னாசி வீட்டுக்குள் நுழைந்ததும் சிலுவையம்மாள் வந்து அவன் விரல்களை மோந்து பார்ப்பாள். பல்லைக் காட்டச் சொல்லிப் பருக்கை தேடுவாள். ஒருநாள் சட்டைப் பையைக் கவிழ்த்து உதறினாள். “துன்றான்” என்று தெருக்குழாயில் தீர்ப்புச் சொல்லுவாள். “எப்பிடி துன்றான்னுதான் தெரியல. ஆனா துன்றான். அவன் பொறந்ததுலேந்து எனக்குத் தெரியும்.” தெருவும் அதையே நம்பிற்று. சொந்த அக்கா சொன்னால் வேறு என்ன சாட்சி வேண்டும்?

குருத்து ஞாயிறு போய், பெரிய வாரத்துத் திங்கட்கிழமை வந்தது. டாக்டர் சொன்ன நாள்.

இன்னாசியும் வியாகுலம்மாளும் கிளம்பினார்கள். சிலுவையம்மாளும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். “அந்த டாக்டரு கண்ணு சரியா கீதான்னு நா பாக்கணும்” என்றாள். அதைக் கேட்டுக்கொண்டே வந்த ரஷீதும் சேர்ந்துகொண்டான்.

டாக்டர் அறையில் நான்கு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. குழாயில் நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு. வியாகுலம்மாள் ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டினாள். மருந்து கொதித்தது. நீலம். டாக்டர் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தார். நீலம். பச்சைக்குப் போவது போல விளிம்பில் ஒரு நிறம் ஓடி, மனசு மாறித் திரும்பி வந்தது. நீலம். காசிமேட்டில் வெயில் நேரத்துக் கடல்கூட அவ்வளவு நீலம் இல்லை.

“அப்ப மேல ஏறலாமா சார்?” என்றான் இன்னாசி.

டாக்டர் விளக்கை அணைத்தார். பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

“இங்க பாரு இன்னாசி. இதுமாதிரி நான் நெறையப் பேரைப் பாத்திருக்கேன். நாப்பது நாளும் தின்னுட்டு, கடைசி ரெண்டு நாள் பட்டினி கிடந்துட்டு வருவான். இந்தக் குழாய்க்கு அது தெரியாது. நீலம்தான் காட்டும். நான் கையெழுத்துப் போடுவேன், நீ மேல போவ, சோறு தின்னுவ, ஒருநாள் மயங்குவ. உன்னைப் பத்தி டிஸ்பென்சரியிலேயே சிரிக்கிறாங்க. இன்னாசி சோறு விட்டானாம்னு கம்பவுண்டர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.”

“மெய்யாலுமே துன்னல சார்.”

“யார் பார்த்தா?”

“நா பாத்தேன் டாக்டரு” என்றாள் வியாகுலம்மாள்.

“நீ வீட்டுல பார்த்தேம்மா. அவன் பகல் பூரா இங்கதான இருக்கான்.”

“சார், நான் சாட்சி” என்றான் ரஷீது.

“நீதான கறி கொண்டாந்து குடுத்தவன்? நீ பேசாத.” டாக்டர் பேனாவை மூடினார். “கீழ நாப்பது பேர் நிக்கிறான். எனக்கு இவன்மேல கோபம் இல்ல. ஆனா இவன் சொல்றதை இவன் சொந்த அக்காவே நம்பலைன்னு ஊரே சொல்லுது. பெரியம்மா, நீங்கதான அது? சொல்லுங்க. இவன் நாப்பது நாள் சோறு தின்னாம இருந்திருப்பானா?”

எல்லாரும் சிலுவையம்மாளைப் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று வியாகுலம்மாளுக்குத் தெரியும். நாற்பது நாளாகக் குழாயடியில் வந்ததுதானே வரும்.

சிலுவையம்மாள் இன்னாசியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“சோறு நாந்தான் அனுப்பிச்சேன்” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

“தெனம் பகலுக்கு ஒரு தூக்கு. இதோ இந்த பாய்கிட்டதான் குடுத்தேன். வியாகுலத்துக்குச் சொன்னா தவசு காலத்துல நீ கறி குடுக்குறத சாமியாருகிட்ட சொல்லிருவேன்னு மெரட்டி வெச்சிருந்தேன். பாய் அத்த கவுத்துல கட்டி கூண்டுக்கு ஏத்தி உடுவாரு. மொத வாரம் இவன் திருடன்னு புடிக்கத்தான் அனுப்பிச்சேன். சோறு மேல நெத்திலிக் கொயம்பு. இவன் உசுரு அது. காலியா வரும், புடிச்சிரலாம்னு பாத்தேன். அப்பிடியே வந்துச்சி. மறுநாளு வஞ்சிரம் வெச்சேன். அப்பிடியே வந்துச்சி.”

“யக்கா” என்றான் இன்னாசி மெதுவாக.

“நீ சும்மா இருடா. அன்னிக்கு இவன ரிக்‌ஷாவுல இட்டாந்தாங்க பாருங்க டாக்டரு, அதுலேந்து நா திருடனப் புடிக்க அனுப்பல. செத்துருவான்னு அனுப்பிச்சேன். துன்னுத் தொலடா, ஆருக்கும் சொல்ல மாட்டேன்னு பாய்கிட்ட சொல்லி உட்டேன். வேல போனா போவுதுடா, பெருக்கிக்கலாம், நீ இருந்தா போதும்டான்னு சொல்லி உட்டேன். என் கார்டு அரிசி பூரா அந்தத் தூக்குலதான் போச்சி. திரும்பி வந்த சோத்துல கை வெக்க மனசு வரல, நா கோதும கஞ்சிதான் குடிச்சேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “பாதி வாயி துன்னுட்டு பரப்பி வெச்சிருப்பானோன்னு ஒரு சந்தேகம். அதுக்காண்டி சோத்த அமுக்கி, அது மேல வெரலால ஒரு சிலுவ போட்டு அனுப்புவேன். ஓரத்துல ஒரு பருக்க எடுத்தாலும் சிலுவ சாஞ்சிரும். சாயங்காலம் தூக்கத் தொறப்பேன். ஆறிப்போய் கெடக்கும். சிலுவ அப்பிடியே கீது. தெனமும். ஒரு நாளுகூட சாயல.”

ரஷீது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வியாகுலம்மாள் ஜெபமாலையை விட்டுவிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அந்தக் கையை உதறிவிட்டு சிலுவையம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். டாக்டரின் பேனாவைப் பார்த்தாள், குழாயில் ஆறிக்கொண்டிருந்த நீலத்தைப் பார்த்தாள், கடைசியில் தம்பியின் ஒட்டிப்போன முகத்தைப் பார்த்தாள்.

“எயுதுங்க டாக்டரு” என்றாள். “இப்பவும் என்னால நம்ப முடியல. ஆனா நடந்துச்சி.”